பழி ஏற்றுமதி

நெடுமணல் தீவின் எண்ணெய்க் கிணறுகள் அன்று காலை தாமாகவே மூடிக்கொண்டன. யாரும் அவற்றின் மேல் கை வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. ஒவ்வொரு கிணற்றின் வாயிலும் ஊற்றுப்பூட்டு என்னும் கருவி பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வலிந்து திறக்கப் பார்த்தால் அது தன்னை உருக்கிக் கிணற்றை ஒரேயடியாக அடைத்துவிடும். எண்ணெய்க் கூட்டவையைச் சேர்ந்த மற்ற பதினொரு நாடுகளிலும் அதே நேரத்தில் அதே பூட்டுகள் அதே காரியத்தைச் செய்தன.

தீவின் குடிநீர் ஆலையை நடத்தும் தலைமைப் பொறியாளர் கலீல் மரைக்காயர் உடனே எண்ணெய் அமைச்சரைக் கூப்பிட்டார். அமைச்சர் அமலோற்பவம் கொரைரா அப்போது கூட்டவையின் மிதவை மண்டபத்தில் இருந்தார். பன்னிரண்டு நாடுகளில் எதுவும் இன்னொன்றின் மண்ணில் வந்து பேசத் தயாராக இல்லாததால், யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் மண்டபத்தைக் கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள்.

“அம்மா, எண்ணெய் நின்னுபோச்சு. எதுவும் கோளாறா, இல்ல நீங்க அங்க ஏதாச்சும் கையெழுத்துப் போட்டீங்களா?” என்றார் மரைக்காயர்.

“கோளாறு இல்ல மரைக்காயரே. நடுவன் எந்திரம்தான் பூட்டிருச்சு. ஆலைக்கு எவ்வளவு கையிருப்பு இருக்கு?”

“எண்ணெய் மூணு நாளைக்கு வரும். அதுக்கப்புறம் மேல்தொட்டியில இருக்கறதுதான். சிக்கனமா விட்டா ரெண்டு வாரம் இழுக்கலாம். சுத்திக் கடலை வச்சுக்கிட்டு இதைச் சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு.”

நெடுமணலில் ஆறு கிடையாது, குளம் கிடையாது, தோண்டினால் உப்புத்தண்ணீர். நாலு லட்சம் பேரும் குடித்தது ஆலை சுத்திகரித்துக் கொடுத்த கடல்நீரைத்தான். ஆண்டுதோறும் புயல் வந்து சூரியத் தகடுகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவதால் அந்த ஆலை எண்ணெயில்தான் ஓடியது. எண்ணெய் நின்றால் தண்ணீர் நிற்கும்.

பூட்டுகள் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பன்னிரண்டு அமைச்சர்களுக்கும் ஒரே நேரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைப்பதிலும் பெரிய தவறில்லை. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் கெட்டிக்காரர்கள்.

அந்த நூற்றாண்டில் எண்ணெயை எரிப்பவர்கள் குறைந்து, எண்ணெயைத் தின்பவர்கள் பெருகியிருந்தார்கள். பெரிய கொப்பரைகளில் வளர்த்த நுண்ணுயிர்கள் கச்சா எண்ணெயைத் தின்று மாவாக்கித் தந்தன. அந்த எண்ணெய்மாவில்தான் பாதி உலகம் பசியாறியது. கூட்டவை கூடி ஓர் எண்ணைச் சொன்னால் மதுரையில் இட்லி சிறுக்கும், இன்னொரு கண்டத்தில் ரொட்டி மெலியும். பன்னிரண்டு பேரும் சேர்ந்து குறைவாக எடுத்தால் விலை ஏறும், எல்லாருக்கும் ஆதாயம். ஆனால் விலை ஏறியதும், மற்றவர்கள் அடக்கி வாசிக்கும்போது நாம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எடுத்து விற்றால் என்ன என்று ஒவ்வொரு நாட்டுக்கும் கை துறுதுறுக்கும். எல்லாரும் விற்றார்கள். எல்லாரும் விற்கிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இதற்கென்றே கூட்டவையில் ஒரு வழக்கம் வளர்ந்திருந்தது. உலகத்துக்கு நூறு போகவேண்டும் என்றால் எண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்தானதும் தேநீர் வரும். பொதுச்செயலர் லியாந்த்ரோ பாஸ் கோப்பையை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகப் போய் வானிலை விசாரிப்பார். “எங்கள் பக்கம் கொஞ்சம் தூறல்” என்று ஓர் அமைச்சர் சொன்னால் அவர் ஒதுக்கீட்டைக் கொஞ்சம் மீறப்போகிறார் என்று பொருள். “நல்ல மழை” என்றால் நிறைய. பாஸ் எல்லாவற்றையும் மனத்துக்குள் கூட்டுவார். எண்பதும் மழையுமாகச் சேர்ந்து நூறு வந்துவிட்டால் முகம் மலர்ந்து இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடிப்பார். வராவிட்டால் யாராவது ஒருவரிடம் போய், இந்த வருடம் அங்கே இன்னும் கொஞ்சம் மழை பெய்தால் நன்றாயிருக்கும் என்பார். முப்பது வருடம் உலகம் அப்படித்தான் சாப்பிட்டது.

பிறகுதான் ஊற்றுப்பூட்டு வந்தது. கிணற்றை விட்டு வெளியேறும் ஒவ்வொரு சொட்டையும் அது அளக்கும். ஒதுக்கீடு தீர்ந்ததும் மூடும். சொந்த நாட்டில் அடுப்பெரிக்க எடுத்தாலும் அது கணக்கில் சேரும். எல்லாப் பூட்டுகளையும் ஆள்வதற்கு நடுவன் என்று ஓர் எந்திரம். அது யார் பேச்சையும் கேட்காது. பன்னிரண்டு நாடுகளும் சேர்ந்து எழுதிக்கொடுத்த விதிகளை மட்டும் கேட்கும்.

வாக்கெடுப்பு அன்று மண்டபத்தில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அது வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று கை தூக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அதைக் கை தூக்கிச் சொல்ல முடியாது. அமலோற்பவம் சுற்றுமுற்றும் பார்த்தார். யாராவது ஒரு மகராசன் எழுந்து எதிர்த்துப் பேசினால் அவர் பின்னாலேயே போய்விடலாம் என்று காத்திருந்தார். மற்ற பதினொரு பேரும் அதே மகராசனுக்காகக் காத்திருந்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல்கூட இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒருவரையொருவர் நம்பாத காரணத்தால் ஆளுக்கொரு விதியைச் சேர்த்தார்கள். கஸ்ராத் என்ற பெரிய பாலைவன நாட்டின் அமைச்சர் தவ்ரான் கொண்டுவந்த விதிதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. உச்சவரம்பை உயர்த்த வேண்டுமானால், பூட்டு வருவதற்கு முன் நடந்த மீறல்கள் யார் யாருடையவை என்று முதலில் கணக்குத் தீர வேண்டும். தீரும்வரை எல்லாக் கிணறுகளும் மூடியிருக்கும். அதன்பிறகு, மீறியவர் தாம் மீறிய அளவு தீரும்வரை தம் கிணறுகளை மூடி வைத்து ஈடுகட்ட வேண்டும். சின்ன மீறல்காரர் சில மாதத்தில் தப்பிவிடுவார், பெரிய மீறல்காரர் பாடு திண்டாட்டம். மற்றவர்களை மாட்டிவிடத் தவ்ரான் வைத்த பொறி அது. தன் நாட்டை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம்.

பூட்டுகள் வந்ததும் எண்பது என்று எழுதியது எண்பதாகவே நின்றது. எந்த நாட்டிலும் மழை பெய்யவில்லை. விலை ஏறியது, அமைச்சர்கள் முதலில் மகிழ்ந்தார்கள். மாவுக்கடைகளில் வரிசை நீண்டது, துறைமுகங்களில் கலவரம் வந்தது, வாங்கும் நாடுகள் கடற்பாசியைத் தின்ன முடியுமா என்று ஆராயத் தொடங்கின. கடற்பாசி வந்துவிட்டால் எண்ணெயை யார் வாங்குவார்கள்? எண்பதை நூறாக்கு என்று பன்னிரண்டு பேரும் நடுவன் முன்னால் போய் நின்றார்கள். அது விதியைப் பார்த்தது. முதலில் பழைய கணக்கு என்றது. பூட்டியது.

மரைக்காயர் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மண்டபத்தில் நடுவன் பேசியபோது ஒவ்வொருவர் காதிலும் இருந்த செவிபெயர்ப்பி அவரவர் மொழியில் சொன்னது. அமலோற்பவத்துக்கு அது பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்போலத் தமிழ் பேசியது.

“உலகம் வாங்கியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நீங்கள் விற்றதாகச் சொன்னது எவ்வளவு என்றும் தெரியும். இடையில் உள்ள வேறுபாட்டை நூறு பங்காக வைத்துக்கொள்கிறேன். அதில் யாருக்கு எத்தனை பங்கு என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் தனியறைக்குள் வந்து தமது பங்கைச் சொல்லுங்கள். கூட்டினால் நூறு வர வேண்டும். வந்தால் திறப்பேன்.”

அமலோற்பவத்துக்குத் தன் தீவின் பங்கு நன்றாகத் தெரியும். நான்கு. மீன்பிடிப் படகுகளின் அடித்தட்டில் வைத்துக் கடத்தி விற்றது. அந்த நான்கில்தான் தீவின் ஒரே ஆஸ்பத்திரி கட்டப்பட்டது. அதற்காக அவர் வெட்கப்பட்டதில்லை. ஆனால் தனியறைக்குள் போனதும், மற்றவர்கள் உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும், நாம் கொஞ்சம் குறைத்தால் தெரியவா போகிறது என்று தோன்றியது. ‘ஒன்று’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பலகையில் கூட்டுத்தொகை தெரிந்தது. முப்பத்தொன்று.

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவ்வளவு பொய்யர்களோடா இத்தனை வருடம் தேநீர் குடித்தோம் என்ற அருவருப்பு எல்லார் முகத்திலும் இருந்தது.

இரண்டாம் சுற்றில் அமலோற்பவம் உண்மையைச் சொன்னார். நான்கு. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு வெளியே வந்தவருக்குப் பலகை நாற்பத்தாறைக் காட்டியது. அடுத்த சுற்றில் ஐம்பத்திரண்டு. அதற்கடுத்ததில் ஐம்பத்தாறு. அதற்குமேல் அது நகரவில்லை. போதுமான அளவு ஒப்புக்கொண்டாயிற்று, இனி மிச்சம் மற்றவர்கள் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

சுற்றுகள் தொடர்ந்துகொண்டிருந்தபோது மரைக்காயர் மறுபடி கூப்பிட்டார். குரலில் பழைய கிண்டல் இல்லை.

“மேல்தொட்டி பாதிக்குக் கீழ போயிருச்சும்மா. தெருவுக்கு ஒரு குழாய்தான் விடுறேன். பிரசவ வார்டுல வாளி கணக்குல குடுக்கறோம். நேத்து ரெண்டு தெருக்காரங்க குழாயடியில அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தனுக்குக் கை முறிஞ்சுபோச்சு.”

“இன்னும் எத்தனை நாள் தாங்கும்?”

“நாள் கணக்கு என்னைக் கேக்காதீங்க. ஏதாவது செய்யுங்க.”

உண்மையைச் சொன்ன ஒருத்தி தான் மட்டும்தான் என்பது அமலோற்பவத்துக்கு உறுதியாகத் தெரியும். அதைச் சொல்லி ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்பதும் தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு தேநீர்க்கூடத்துக்குப் போனார். நடுவனுக்கு மண்டபத்தில்தான் காது உண்டு, தேநீர்க்கூடத்தில் கிடையாது. அந்த ஒரு விதியைத்தான் பன்னிரண்டு பேரும் மனப்பூர்வமாக ஆதரித்திருந்தார்கள்.

பாஸ் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய கோப்பை தொடப்படாமல் இருந்தது.

“செயலர் ஐயா, குறையுற நாற்பத்துநாலையும் யாராவது ஒருத்தரே ஏத்துக்கிட்டா என்ன ஆகும்?” என்று கேட்டார் அமலோற்பவம்.

“பூட்டுகள் திறக்கும். ஏற்றுக்கொண்டவருடையதைத் தவிர. யார் அவ்வளவு பைத்தியம்?”

“நெடுமணல். எங்க நாலோட சேர்த்து நாற்பத்தெட்டு.”

பாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உங்கள் தீவுக்கு அடியில் அவ்வளவு எண்ணெயே கிடையாதே.”

“அது நடுவனுக்குத் தெரியாதுல்ல?”

தெரியாதுதான். தங்கள் கிணறுகளில் எவ்வளவு இருக்கிறது என்று நடுவனுக்குச் சொல்ல எந்த நாடும் சம்மதித்திருக்கவில்லை. பாஸ் எழுந்து போய் மற்றப் பதினொரு பேரையும் கூட்டிவந்தார்.

அமலோற்பவம் நின்றுகொண்டே பேசினார். “நாற்பத்தெட்டுக்கு ஈடுகட்டணும்னா எங்க கிணறுங்க ஏறக்குறைய அறுபது வருஷம் மூடிக் கிடக்கணும். அந்த அறுபது வருஷமும் எங்களுக்குத் தண்ணி நீங்க குடுக்கணும். கப்பல்ல கொண்டாந்து தொட்டியில ஊத்தணும். ஆஸ்பத்திரிக்கு மருந்து, பிள்ளைங்களுக்குப் படிப்பு, அரிசி, எல்லாம். குறை வச்சா, வருஷா வருஷம் பங்கை உறுதிசெய்யற நாள்ல நான் வந்து நாலுன்னு சொல்லிருவேன்.”

ஆண்டுதோறும் அதே நாளில் பன்னிரண்டு பேரும் தம் பங்கை மறுபடி சொல்ல வேண்டும், கூட்டல் மாறினால் மறுபடி பூட்டு என்பதும் விதிகளில் ஒன்று. அதையும் தவ்ரான்தான் சேர்த்திருந்தார். அவர் இப்போது தாடியைத் தடவிக்கொண்டார்.

“ஒரு பொய்க்கு இவ்வளவு விலை அதிகம், அம்மணி.”

“உண்மையைச் சொல்லிப் பார்த்தேன் அமைச்சரே. யாரும் வாங்கல.”

இத்தூரி நாட்டின் அமைச்சர் ஒகெலோ மட்டும் அமலோற்பவத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. குறையும் நாற்பத்துநாலில் பெரும்பகுதி இத்தூரியுடையது என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். தேநீர் வேளைகளில் நல்ல மழை என்று அதிகம் சொன்னவர் அவர்தான்.

அடுத்த சுற்றில் பலகை நூறு காட்டியது. பதினொரு நாடுகளின் பூட்டுகள் சிறிய சிறிய ஈடுகளை முடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தன. வரம்பு உயர்ந்தது, மாவு விலை இறங்கியது, இட்லி பழைய அளவுக்கு வந்தது. பலகை நூறு காட்டிய மறுநாளே, உலகத்தைப் பட்டினி போட்ட திருட்டுத் தீவு என்று எல்லாப் பத்திரிகைகளும் நெடுமணலைத் திட்டி எழுதின.

திட்டு வந்த வாரத்திலேயே தண்ணீரும் வந்தது. முதல் கப்பல் வோல்மா என்னும் வடபுலத்து நாட்டிலிருந்து பனியாற்று நீரோடு வந்து நின்றபோது தீவே துறைமுகத்தில் கூடியிருந்தது. ஆலைத் தண்ணீரின் துவர்ப்புக்குப் பழகிய நாக்குகளுக்கு அது இனித்தது. எண்ணெய் அமைச்சராகப் போனவர் பழி அமைச்சராகத் திரும்பியிருக்கிறார் என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் இரண்டு குடம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சென்னையில் படித்துக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் மகள் செலின் மட்டும் கேலி செய்யவில்லை. விடுதியில் யாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

“அம்மா, நிசமாவே நாம அவ்வளவு எடுத்தோமா?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

“இல்ல.”

“பின்ன ஏன் எடுத்தோம்னு சொன்னீங்க?”

“தண்ணி வேணும்ல, பிள்ள.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அமலோற்பவம் அன்று சாப்பிடவில்லை.

முதல் ஆண்டு உறுதிசெய்யும் நாள் நெருங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. பதினொரு நாடுகளுக்கும் பயம் வந்துவிட்டது. இந்த அம்மாள் மனம் மாறி நாலு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காமலே கஸ்ராத் ஒரு பெரிய மருத்துவமனை கட்டித்தந்தது. வோல்மா தண்ணீர்க் கப்பல்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. அமலோற்பவம் தனியறைக்குள் போய் நாற்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபோது எழுந்து நின்று கைகுலுக்கினார்கள். இரண்டாம் ஆண்டு பள்ளிக்கூடங்களும் பாலங்களும் வந்தன. பழைய காலத்தில் எண்ணெய் விற்றுச் சம்பாதித்ததைப்போல நாலு மடங்கு வசதி, எண்ணெய் எடுக்காமலேயே வந்தது.

தண்ணீர் ஆலையை இனி எதற்கு ஓட்டவேண்டும் என்று தீவின் மந்திரிசபையில் ஒருவர் கேட்டார். மரைக்காயர் அமைச்சரைத் தேடி வந்தார்.

“மாசத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்கணும்மா. சும்மா போட்டா உள்ள உப்பை வடிகட்டற சவ்வெல்லாம் காஞ்சிரும். கொஞ்சம் எண்ணெய் வெளியில வாங்கிக் குடுங்க, போதும்.”

“அறுபது வருஷத்துக்குத் தண்ணி வருது மரைக்காயரே. ஆலையை வச்சு என்ன பண்ணப்போறோம்?”

“வரும்னு எழுதியிருக்கு. நான் பொறியாளர்மா, எழுதினதை நம்பி எதையும் நிறுத்தினதில்ல.”

அமலோற்பவம் சிரித்துக்கொண்டே, ஆலையை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். ஆலையில் வேலைபார்த்தவர்கள் நல்ல சம்பளத்துக்குக் கஸ்ராத்துக்குப் போனார்கள். மரைக்காயர் கப்பல் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் வேலையை மேற்பார்வை பார்த்தார்.

மூன்றாம் ஆண்டு உறுதிசெய்யும் நாள் வந்தது. சடங்குதானே என்று அமலோற்பவம் திரும்பும் விமானத்துக்குக்கூட முன்பதிவு செய்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். தனியறைக்குள் போய் நாற்பத்தெட்டு என்றார். மற்றவர்களும் போய்வந்தார்கள். பலகையில் எண் வந்தது.

நூற்றுத் தொண்ணூற்றேழு.

நடுவன் கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்று அறிவித்தது. திறந்திருந்த பதினொரு நாடுகளிலும் பூட்டுகள் விழுந்தன. பதினொரு பேரும் அவசர அவசரமாகத் தேநீர்க்கூடத்துக்கு நடந்தார்கள். அமலோற்பவம் நேராக ஒகெலோவிடம் போனார்.

“நீங்க எவ்வளவு சொன்னீங்க?”

“நாற்பது,” என்றார் ஒகெலோ. இந்த முறை அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னார். “எங்கள் கிணறுகள் வற்றிவருகின்றன. மூடிக் கிடந்தால் எங்களுக்கு நட்டமில்லை. உங்கள் தீவுக்கு வருவதெல்லாம் எங்களுக்கு வரட்டுமே என்று நினைத்தேன். தவிர, நான் சொன்னது உண்மை. அந்த நாற்பதும் எங்களுடையவைதான் என்று உங்களுக்கே தெரியும்.”

“மூணு வருஷம் முன்னாடி இதைச் சொல்லியிருக்கலாமே.”

“அப்போது அதற்கு இந்த விலை இல்லை.”

அமலோற்பவத்துக்கு ஆத்திரம் வந்தது. தவ்ரானிடம் போனார். அவர் நாற்பத்தைந்து சொல்லியிருந்தார். தண்ணீர் சுமந்து சலித்துப்போன வோல்மா முப்பது சொல்லியிருந்தது. மிச்சம் எட்டு நாடுகளும் தங்களால் முடிந்த அளவு பழைய பாவங்களை ஞாபகப்படுத்திக்கொண்டு சொல்லியிருந்தன.

“நீங்க நாற்பத்தஞ்சு எடுத்திருக்கவே மாட்டீங்க அமைச்சரே,” என்றார் அமலோற்பவம். “உங்க பங்கு பதினஞ்சுக்கு மேல இருக்காது. நீங்க அவ்வளவு மோசமானவர் இல்ல.”

தவ்ரானின் முகம் சிவந்தது. “எங்களை இழிவுபடுத்தாதீர்கள், அம்மணி. கஸ்ராத் உங்கள் தீவைப்போல நூறு மடங்கு பெரிய நாடு. நாங்கள் திருடாமல் வேறு யார் திருடியிருக்க முடியும்?”

மூன்று வருடத்துக்கு முன் மேற்கொண்டு ஒரு பங்கைக்கூட ஏற்க மறுத்தவர்கள் இப்போது கூடம் முழுக்கத் தங்கள் திருட்டுக்கு ஆதாரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடலில், எந்தக் கப்பலில், எந்த மாதத்தில் என்று விவரம் பறந்தது. ஒருவர் தன் நாட்டின் முன்னாள் கடத்தல்காரரைச் சாட்சிக்கு அழைத்துவரத் தயார் என்றார். எல்லாவற்றிலும் பாதி உண்மை இருந்தது. அதுதான் பெரிய தொல்லை.

இரண்டாம் சுற்றில் இருநூற்று மூன்று வந்தது.

ஒப்பந்தப்படி பூட்டுகள் திறந்திருக்கும்வரைதான் நெடுமணலுக்குத் தண்ணீர். வந்துகொண்டிருந்த கப்பல்கள் பாதி வழியில் திரும்பிவிட்டன என்று மறுநாள் மரைக்காயர் சொன்னார்.

“ஆலையைத் திறந்து பார்த்தீங்களா?” என்று கேட்டார் அமலோற்பவம்.

“பார்த்தேன். சவ்வெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கு. ஒண்ணுகூடத் தேறாது. புதுசு செஞ்சு வர ஒரு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. நம்ம ஆளுங்களும் இல்ல.” அவர் சொல்லிக்காட்டியிருக்கலாம். சொல்லிக்காட்டவில்லை. “தொட்டி நிறைஞ்சிருக்கு, அந்த மட்டுக்கும் நல்லது. ஊர்ல கேக்கறாங்கம்மா. என்ன சொல்லட்டும்?”

“குடிக்க மட்டும் விடுங்க. மத்ததுக்குக் கடல் தண்ணியை எடுத்துக்கச் சொல்லுங்க.”

அடுத்த சுற்றுக்கு முன்னால் பாஸ் அமலோற்பவத்தைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். இந்த மூன்று வருடத்தில் செயலருக்கு வயது கூடியிருந்தது.

“நீங்கள் ஒருவர் இறங்கிவந்தால் மற்றவர்களும் இறங்குவார்கள். உங்கள் உண்மையான பங்கைச் சொல்லுங்கள். நாலு. அன்றைக்குச் சொன்னீர்களே. இன்றைக்கு அது கூட்டலுக்கும் உதவும். இதுவரை மூடியிருந்ததைக் கழித்தால் உங்கள் கிணறுகளும் இரண்டு வருடத்தில் திறந்துவிடும்.”

“நாலுன்னு சொன்னா எண்ணெய் வரும்,” என்றார் அமலோற்பவம். “ஆலை இல்லாம எண்ணெயை வச்சு என்ன செய்ய? எங்க ஊர்ல அதை யாரும் குடிக்க முடியாது. பழி எங்ககிட்ட இருந்தாத்தான் கப்பல் வரும்.”

“எல்லாரும் இப்படி நினைத்தால் கூட்டல் எப்போதுமே பொருந்தாது.”

“அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

“சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன்,” என்றார் பாஸ்.

மணி அடித்தது. பன்னிரண்டு பேரும் அவரவர் குற்றத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அமலோற்பவத்தின் முறை வந்தது. கதவு மூடிக்கொண்டது. நெடுமணலின் பங்கு எவ்வளவு என்று நடுவன் அதே பாடப்புத்தகத் தமிழில் கேட்டது. நாலு என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. வாளியோடு நிற்கும் பிரசவ வார்டு ஞாபகம் வந்தது. மற்றவர்கள் இந்நேரம் இன்னும் கூட்டிச் சொல்லியிருப்பார்கள், நாற்பத்தெட்டு எடுபடாது என்று தோன்றியது.

“அறுபது,” என்றார்.